ஜனவரி ஒன்றில் கிடந்த இரவு

உன் போர்வையில் இன்னும் தைல வாசனை போகவில்லை. உன் நெற்றியில் நான் தேய்த்த தைலம். உன் அப்பா உன் துணிப்பெட்டியையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு போன அன்று இது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, யாருக்கும் நினைவு வரவில்லை. இப்போது இதைத் தலைக்கு மேல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்துப் பாயில் கனகா தூங்குகிறாள். தூங்குகிறாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் எழுந்து, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. நாளை விசாரணை அதிகாரி மறுபடி வருகிறார். அவரிடம் நான் சொல்ல வேண்டிய ஒன்றை முதலில் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

பள்ளி அலுவலகத்தில் இருக்கும் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரை நீ ஒருநாளும் கம்ப்யூட்டர் என்று சொன்னதில்லை. பொட்டி என்பாய். விடுதி வருகைப் பதிவை அதில்தான் ஏற்ற வேண்டும். அது ஏறாத நாளில் வார்டன் மேடம் வகுப்புக்கே ஆள் அனுப்புவார். இந்தப் பள்ளியில் அந்தக் கருப்புத் திரையைப் பார்த்துப் பயப்படாதவர்கள் நாம் இரண்டு பேர்தான். நீ நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாய். நான் பக்கத்தில் நின்று கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொல்வேன். தனக்கு நடந்ததையெல்லாம் பெட்டி வரிவரியாகத் தானே எழுதி வைக்கிறது, அதற்கு லாக் என்று பெயர் என்று கண்டுபிடித்த நாளில் நீ சிரித்த சிரிப்பில் மேடம் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி இது, எங்கம்மா மாதிரியே பொலம்புது. கரண்டு வந்துச்சு, மவுஸ சொருவுனாங்க, மவுஸ புடுங்குனாங்க, நெட்டு கேட்டேன், ஒருத்தரும் குடுக்கல..."

அன்றிலிருந்து நமக்குள் அது லாக் இல்லை, பொலம்பல். எது கெட்டாலும் "பொலம்பல தொற" என்பாய்.

நெட் கேட்பதுதான் அதன் பெரிய பொலம்பலாக இருந்தது. மலையில் நம் பள்ளி இருக்கும் பள்ளத்தில் எந்தச் செல்போனிலும் ஒரு கோடுகூட ஏறாது. பெட்டியில் சொருகிய டாங்கிளை, சிம் போட்ட அந்தச் சின்னக் குச்சியை, நீள வயரில் ஜன்னலுக்கு வெளியே பிடித்தால்தான் கொஞ்சம் சிக்னல் வரும். வந்தால் பெட்டியிலிருந்தே வாட்ஸ்அப்பில் வெளியே பேசிவிடலாம். வராவிட்டால் டாங்கிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருக வேண்டும். நீ அடுப்பு ஊதுவதுபோலக் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுவாய். ஊதினால் என்ன ஆகும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சில சமயம் வேலை செய்தது.

மழை பிடித்த அந்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் நீயே போய்ச் சொன்னாய். மேடம் மாத்திரை கொடுத்து, "பரிட்சை வந்தா எல்லாத்துக்கும்தான் காய்ச்சல் வருது, போய்ப் படு" என்றார். நீ திரும்பி வந்து அவர் மூக்கைச் சுருக்குவதைச் செய்து காட்டினாய். அன்று பாதை நன்றாக இருந்தது. ஜீப்புகளும் ஓடின. மறுநாள் மாலை மழை கொட்டத் தொடங்கியபோது உனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என்னை உன் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். நானும் அவளாகவே பதில் சொன்னேன். கரண்ட் போய்விட்டு வந்தது. பாதையில் மரம் விழுந்துவிட்டதென்று வாட்ச்மேன் வந்து சொன்னார். மேடம் அவரை ஜீப்காரரின் ஊருக்கு நடந்தே அனுப்பினார். மரத்தை வெட்டித் தள்ளிவிட்டு வண்டி வந்து சேர்ந்தபோது விடிந்துவிட்டது. போளூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், இறக்கம் முடிவதற்கு முன்பே, நீ என் மடியில் இல்லாமல் போனாய். இதற்குமேல் அதை எழுத வரவில்லை.

அதிகாரி முதல் தடவை வந்தபோது நாங்கள் எல்லாரும் அலுவலக ஜன்னலுக்கு வெளியே நின்றோம். "நெட்டு கெடைக்கல சார். ஆம்புலன்சுக்குச் சொல்ல ராவெல்லாம் முயற்சி பண்ணேன்" என்றார் மேடம். கூட வந்திருந்த கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் பெட்டியைத் திறந்து, லாக்கில் அந்தத் தேதியைக் கொடுத்துத் தேடினார். மாலை கரண்ட் போகும்வரைக்கும் வரிகள் இருந்தன. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. மறுநாள் தேதியையும் போட்டுப் பார்த்தார். அதிலும் இல்லை.

"யாரோ அழிச்சிருக்காங்க சார்."

"எனக்கு அதெல்லாம் அழிக்கத் தெரியாது சார். அந்த லாக்க தொறக்கறதுக்கே அந்தப் பொண்ணுங்களதான் கூப்டுவேன்."

"தெரியாதாம்," என்றாள் கனகா, என் காதருகில். மேடம் அன்றைக்கே போளூரில் உள்ள தன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். விசாரணை முடிகிறவரை வரக்கூடாது என்று உத்தரவு. அவர் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியபோது ஒருத்தியும் பக்கத்தில் போகவில்லை. எனக்கும் சந்தேகமே இல்லை. மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே நின்றேன்.

பிறகு உன் அப்பா வந்தார். புதூர்நாட்டிலிருந்து ஜீப்பில் வந்து, சாமை அறுப்பை அப்படியே போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். சமையல் அக்கா கொடுத்த டீயைக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை. "ஒரு போனு போட்டிருந்தா என் கொழந்த பொழச்சிருக்கும் இல்லம்மா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். கனகாதான் பதில் சொன்னாள். "பொழச்சிருப்பாப்பா. அந்தம்மா போடல." அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். யார்மேலாவது கோபப்பட முடிந்ததில் அவருக்கு உட்கார ஓர் இடம் கிடைத்ததுபோல் இருந்தது.

இன்று மதியம் தலைமையாசிரியர் என்னை வருகைப் பதிவு ஏற்றச் சொன்னார். காலையில் கரண்ட் போயிருந்தது. பெட்டி உயிர் பெற்றதும் வழக்கம்போலத் தேதி தவறாக இருந்தது. "கரண்டு போனா இதுக்குப் புத்தி பூடும்டி. உள்ள கீற பேட்டரி செத்துப்போச்சு, இன்னிக்கு இன்னா நாளுன்னுகூட தெரியல" என்பாயே, அதேதான். நெட் கிடைத்தால்தான் பெட்டி வெளியே கேட்டுச் சரியான தேதியைத் தெரிந்துகொள்ளும். நெட் வரவில்லை. நானே தேதியை மாற்றலாம் என்று போனேன். திரையின் ஓரத்தில் ஜனவரி ஒன்று என்று இருந்தது. கை அப்படியே நின்றுவிட்டது.

அந்த இரவும் கரண்ட் போய்விட்டுத்தானே வந்தது? நெட் கிடைக்கவில்லை என்று மேடம் சொன்னது நிஜமாக இருந்தால், அன்றைக்கு என்ன நாள் என்று இந்தப் பெட்டிக்குத் தெரிந்திருக்கவே முடியாது.

நீ வைத்த கடவுச்சொல்லை இன்னும் யாரும் மாற்றவில்லை. அதை அடித்து அந்த வாரத்து லாக்கைத் திறந்தேன். தேதியைக் கொடுத்துத் தேடவில்லை. பெட்டி எழுதிய வரிசையிலேயே, ஒரு வரி விடாமல், விரலை வைத்துக்கொண்டு படித்தேன். அன்று மாலை வரை எல்லாம் சரியாக இருந்தது. கரண்ட் போய் வந்ததற்கு அடுத்து, பெட்டி தன் கடிகாரத்தை வைத்துக்கொண்ட வரி. அதில் ஜனவரி ஒன்று என்றும் ஒரு வருடமும் இருந்தன. நீயும் நானும் தவழ்ந்துகொண்டிருந்திருப்போம் அந்த வருடத்தில். உன் கடைசி இரவு முழுவதும் அதன் கீழேதான் இருந்தது. யாரும் எதையும் அழிக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர்காரர் தேடிய தேதியில் அது இல்லை, அவ்வளவுதான். அங்கே பெட்டி இப்படிப் பொலம்பியிருந்தது:

டாங்கிள் தெரிகிறது. இணைக்கிறேன். கிடைக்கவில்லை. இணைக்கிறேன். கிடைக்கவில்லை. டாங்கிளைப் பிடுங்கிவிட்டார்கள். டாங்கிள் தெரிகிறது. இணைக்கிறேன். எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். நடுவில் மேடம் வேறு துளையில் சொருகிப் பார்த்திருக்கிறார். மறுபடி பழைய துளைக்கு வந்திருக்கிறார். ஊதியிருப்பாரா என்று தெரியவில்லை, பெட்டி அதை எழுதாது.

இடையிடையே வரிகளே இல்லாத இடைவெளிகள் இருந்தன. முதலில், அப்போதெல்லாம் தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்த இரவு அவர் பல தடவை நம் அறைக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் வலது கையும் தோளும் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. உன் நெற்றியில் அந்த ஈரக் கையை வைத்துப் பார்ப்பார். உடனே போய்விடுவார். படுக்கப் போகிறார் என்று அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே நீட்டி டாங்கிளைப் பிடித்துக்கொண்டிருந்த கை அது. லாக்கில் ஒன்றும் இல்லாத நேரத்தில் அவர் நம் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

சாயங்காலம் தட்டுக் கழுவும் இடத்தில் கனகா எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்.

"நாளைக்கி எல்லாரும் ஒரே பேச்சுதான். மேடம் ஆபீஸ் ரூம் பக்கமே போவல. சரியா?"

"நாம அத பாக்கலியே கனகா," என்றேன்.

"பாக்கலன்னா இன்னா? போயிருந்தா நெட்டு கெடைச்சிருக்காதா? நீதான் தலமாட்டுலயே இருந்த. நீ சொன்னா நம்புவாங்க."

"அந்த மெஷின்ல இருந்தத யாரும் அழிக்காம இருந்தா?"

அவள் கழுவிய தட்டைக் கவிழ்த்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள். "இன்னாடி, சிடுமூஞ்சிக்கு வக்காலத்தா? உனுக்கு மார்க்கு போடறேன்னு சொன்னாளா? செத்தது உன் கூட்டாளிடி." சொல்லி முடித்தவள் தானே அழ ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். நான் தண்ணீரை நிறுத்தாமல் ஒரே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமே. அலுவலகத்துப் பெட்டிக்குள் உன்னை யார் போகச் சொன்னது என்பார்கள். நீயே எழுதி வைத்தாயா என்பார்கள். பரீட்சை வரைக்கும் இந்த அறையில்தான் நான் படுக்க வேண்டும், இவர்களோடுதான் சாப்பிட வேண்டும். சொல்லாமல் இருப்பதோ சுலபம். பெட்டி பழைய லாக்குகளைச் சில வாரங்களுக்குமேல் வைத்துக்கொள்ளாது. புதிய வாரம் ஒன்று சேரும்போது மிகப் பழையதைத் தானே தூக்கிப் போட்டுவிடும். அந்த இரவு இருக்கும் வாரம் வரிசையில் கடைசியில் நிற்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்விடும். நான் எதையும் தொட வேண்டாம், பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அந்த அம்மாவுக்கு வேலை போய்விடும், நீ பிழைத்திருப்பாய் என்று ஊரெல்லாம் பேசிக்கொள்ளும். இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மேடத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. முதல் நாளே உன்னைக் கீழே அனுப்பியிருக்கலாம். பாதை இருந்தது, வண்டி இருந்தது. நீ போய்ச் சொன்னபோது அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை என்று நீதான் சொன்னாய். அதையும் அதிகாரியிடம் சொல்வேன். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பெட்டியிலும் இல்லை. கனகாவுக்கு அது தெரியவும் தெரியாது. என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. மறுநாள் இரவு அவர் மழையில் கை நீட்டிக்கொண்டு நின்றதையும் சொல்வேன். எந்த வரியிலிருந்து படிக்க வேண்டும் என்று அந்தக் கம்ப்யூட்டர்காரருக்கு நானே காட்டுவேன்.

அதிகாரிக்கு முன்னால் உன் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். எல்லார் நடுவிலும் திடீரென்று அவர் அதைக் கேட்கக் கூடாது. நாளைக்குக் கிளம்பும் முதல் ஜீப்பில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் இறங்கும்போது கனகாவுக்கு முன்னால் நான் கேட்டில் நிற்க வேண்டும். எப்படிச் சொல்வது என்று போர்வைக்குள்ளேயே சத்தம் வராமல் சொல்லிப் பார்த்தேன். "அப்பா, அவங்க கூப்ட்டாங்கப்பா. ராவெல்லாம் கூப்ட்டாங்க. கெடைக்கல." மூன்றாவது தடவைதான் முழுதாக வந்தது. அதைக் கேட்டுவிட்டு அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் உன் பக்கம் நின்றுகொண்டுதான் இதைச் சொல்கிறேன் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பேன் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.