வீட்டுக்குப் போனவர்களின் கணக்கு

என் அஞ்சலை அக்காவுக்கு,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு அரைப் பொழுது ஆகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேலி செய்வேன், நீ தலையில் குட்டுவாய். இப்போது குட்ட ஆளில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் குருசுக்குப்பத்தில் மறுபடியும் வாந்திபேதி. கடல் அமைதியாக இருந்தும் கட்டுமரங்கள் கரையிலேயே கிடக்கின்றன. தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் நாற்றம். கிணற்றில் யாரும் தண்ணீர் எடுக்கக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். வேறெங்கே எடுப்பது என்று அந்த மகராசன் சொல்லவில்லை. முந்தாநாள் என்னோடு பேசிச் சிரித்தவர்களின் கதவுகள் இன்று சாத்திக் கிடக்கின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

நான் டாக்டருக்குப் படிப்பது உனக்குத் தெரியாது. பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த மழைக்காலத்தில் இதே வாந்திபேதியில் நீ போனாய். அதன் பிறகுதான் எனக்கு இந்தப் பிடிவாதம் வந்தது. ஊசி போடுவதும் அறுப்பதும்தான் படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தேன். கணக்கும் உண்டாம்! எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதைக் கீழே எழுது, அதில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை மேலே எழுது, நூறால் பெருக்கு. மீனைக் கூறு போட்டு விற்ற உனக்கு இதெல்லாம் ஒரு நொடி வேலை.

போன வாரம் வாத்தியார் கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினார். வாந்திபேதி வார்டில் நூறு பேர் சேர்ந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். இருபது பேரை உறவினர்கள் கேட்டு வாங்கி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். மற்றவர்கள் குணமானார்கள். இறப்பு விகிதம் என்ன?

எல்லோரும் பத்து என்றார்கள். நான் எழுந்து, "வீட்டுக்குப் போன இருவது பேரு என்ன ஆனாங்க சார்?" என்றேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வார்டுல செத்தது பத்து. பரீட்சையில இந்த மாதிரி வம்பு பண்ணா மார்க்கு போயிடும். உக்காரு."

உட்கார்ந்தேன். அந்த இருபது பேர் ஏன் வீட்டுக்குப் போனார்கள் என்று அவருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். வெளியே உயிர் போன உடம்பை நம் ஆட்கள் வாசல்படி தாண்டி உள்ளே எடுப்பதில்லை. தெருவிலேயே கிடத்தி எடுத்துவிடுவார்கள். அதனால் கை சில்லிட்டுக் கண் சொருகியதும், மூச்சு இருக்கும்போதே வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து வாயில் பால் ஊற்றுவார்கள். உன்னையும் அப்படித்தான் கொண்டுவந்தார்கள். வண்டியில் வரும்போது நீ தண்ணீர் கேட்டாயாம். இந்த நோயில் நாடி நின்றதுபோல் இருக்கும். நரம்பில் சலைன் ஏற்றினால் எழுந்து உட்காருவார்கள், நானே பார்த்திருக்கிறேன். நீ கேட்டது பிழைக்கிறவள் கேட்ட தண்ணீரா? இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்தப் பத்துப் பேரில் நீ இல்லை. ஆஸ்பத்திரிக் கணக்குப்படி நீ சாகவே இல்லை. வீட்டுக்குப் போன இருபது பேரும் இறந்திருந்தால் விகிதம் முப்பது. சாகக் கிடப்பவர்களை அனுப்ப அனுப்ப வார்டில் சாவு குறைந்துகொண்டே வரும். நன்றாகத்தானே நடக்கிறது என்று இன்னும் தாராளமாக அனுப்புவார்கள்.

இன்று காலை பரீட்சையில் அதே மாதிரிக் கணக்குதான் வந்தது. போனவர்கள் கதி தெரியாமல் ஒரே விடை சொல்ல முடியாது, குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று எழுதிவிட்டு வந்தேன். மார்க்கு போனால் போகட்டும்.

வெளியே வந்தால் வாசலில் மாமா, உன் வீட்டுக்காரர், மாட்டு வண்டியோடு நிற்கிறார். உன் மகள் பூங்காவனம் விடிந்ததிலிருந்து வார்டில் இருக்கிறாளாம். என் பரீட்சை கெட்டுவிடும் என்று சொல்லவில்லையாம்.

"பொண்ணு கண்ணு சொருவிடுச்சி ஏழுமல. ஊட்டுக்குத் தூக்கிம் வந்துடச் சொல்றாங்க உங்கம்மா. நீ படிக்கிற புள்ள, ஒரு வார்த்த சொன்னா உட்டுடுவாங்க."

வார்டுக்கு ஓடினேன். மசேர், அந்த வயதான கன்னியாஸ்திரி நர்ஸ், பூங்காவனத்தின் காலில் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் எனக்கு நாடி அகப்படவில்லை. கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன. அம்மா கட்டிலை விட்டுத் தள்ளி நின்று என்னையே பார்த்தாள்.

"பெத்தவள வாரிக் குடுத்தாச்சி. இவளயும் நடுத்தெருவுல போட்டு எடுக்கணுமாடா?"

"எடுக்கணும்னா எடுப்போம்மா. தாய்மாமன் நான் சொல்றேன். மூச்சு இருக்கறவரைக்கும் இந்தக் கட்டில உட்டு இவள எறக்க மாட்டேன்."

"செத்துப்போனா உன் பேரச் சொல்லித்தான் அழுவேன்."

சொன்னால் செய்வாள் அம்மா.

இரண்டாவது பாட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. கட்டில் ஒதுக்கும் வார்டு ஆள் ஒருமுறை வந்து, "கூட்டிம் போறதுன்னா சொல்லுங்க, வெளிய ஆளுங்க காத்துக் கெடக்கறாங்க" என்று கேட்டுவிட்டுப் போனான். மாமா இன்னும் வண்டியைத் திருப்பி அனுப்பவில்லை. அவள் கால்மாட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நான் செய்தது சரியா? நூறு பேருக்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தார்கள், இந்த ஒருத்திக்கு எப்படிப் போடுவது?

சற்றுமுன் அவள் உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். அம்மா என்றாள். கண் என்னைத் தாண்டி வாசல் பக்கம் போயிற்று. அங்கே எனக்கு யாரும் தெரியவில்லை.

அக்கா, நீதான் வந்திருக்கிறாயா? பெற்றவளுக்குப் பிள்ளையைப் பார்க்க ஆசை இருக்காதா, எனக்குப் புரிகிறது. பார்த்துவிட்டுப் போ. கூப்பிட மட்டும் கூப்பிடாதே. நீயே வந்து கேட்டாலும் தரமாட்டேன், இது சத்தியம்.

உன் மகளின் கையை விடாமல் பிடித்திருக்கும் தாய்மாமன்,
உன் தம்பி ஏழுமலை