இன்னொரு சாவி யாரிடம்

பிப்ரவரி 3, திங்கள்

முதுகுவலி விடவில்லை. வந்து இறங்கிய தோலில் பாதி மட்டம். திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். கையுறை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறாராம். தீயணைப்பு உருளைகளைத் துடைத்து வைக்கும்படி மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். எப்போதும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

உருளைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை ஆய்வுக்கு வந்த அம்மா. "வெளிநாட்டிலேருந்து வந்து வேலை செய்யறவங்க பாஸ்போர்ட் எல்லாம் எங்க இருக்கு?" என்றார். இரும்புப் பெட்டியைப் பெருமையாகத் திறந்து காட்டினேன். மச்சான் வேறு, "ஒரு மூலை மடங்காம வெச்சிருக்கோம் மேடம்" என்றான்.

"அவங்க கேட்டா குடுப்பீங்களா?"

"காரணம் சரியா இருந்தா குடுப்போம்."

"சரியா இல்லையான்னு யார் சொல்றது?"

"நான்தான்."

படம் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொய் சொல்லியிருக்கலாமே என்கிறான் மச்சான். தப்பு என்று தெரிந்தால்தானே பொய் சொல்ல!

பிப்ரவரி 12, புதன்

ஏற்றுமதிக் கடிதமெல்லாம் மகள்தான் பார்க்கிறாள். உட்கார வைத்து விளக்கினாள். பெரிய போர் முடிந்தபின் நாடுகள் கூடி, மனிதனுக்கு இன்னின்ன உரிமை என்று எழுதி வைத்தனவாம். எவனும் எந்த நாட்டைவிட்டும் கிளம்பலாம், தன் நாட்டுக்குத் திரும்பலாம் என்பது அதில் ஒன்று. முதலில் அது வெறும் அறிவிப்பு. பிறகு ஒப்பந்தம், கையெழுத்து. இப்போது சில நாடுகளில், சரக்கு வாங்குகிறவனே அது எங்கே எப்படிச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்களாம்.

"அரசாங்கமும் அரசாங்கமும் பேசிக்கிட்டதுக்கு நடுவுல, கையுறை தைக்கிறவன் நான் எங்கம்மா வந்தேன்?"

"நீங்க வரலப்பா. அது வந்திருக்கு. மேலேருந்து நம்ம பெட்டி வரைக்கும் இறங்க இவ்வளவு காலம் ஆச்சு."

பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் பாஸ்போர்ட் என்னிடம் இருந்தால் ஆள் என்னிடம் இருப்பான். இதைச் சுற்றிவளைத்து எழுத என்ன இருக்கிறது?

பிப்ரவரி 17, திங்கள்

கத்தரி பாஸ்போர்ட் கேட்டு மறுபடி வந்து நின்றான். தோல் வெட்டுகிறவன், அவனுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். ஊரில் பிறந்த மகள் நடக்கவே ஆரம்பித்துவிட்டாளாம். இவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. இந்தச் சரக்கு போகட்டும் என்றேன்.

"போன சரக்குக்கும் இதைத்தானே சொன்னீங்க முதலாளி."

அவன் வெட்டினால் விரல் அகலத் தோல் வீணாகாது. அவனை அனுப்பிவிட்டு யாரை நிறுத்துவேன்?

பிப்ரவரி 20, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் பாஸ்போர்ட் அவரவர் கைக்குப் போகாவிட்டால் இதுதான் கடைசி ஆர்டர். கொடுத்து, இந்த ஆட்கள் ஊருக்குக் கிளம்பினால் பட்டறையில் பாதி மெஷின் நிற்கும்.

பிப்ரவரி 26, புதன்

மச்சானின் யோசனை: தங்கும் அறையில் ஆளுக்கொரு பூட்டுப்பெட்டி. பாஸ்போர்ட் பெட்டியில், சாவி அவனிடம். இன்னொரு சாவி நம்மிடம். "சட்டத்துக்கும் ஆச்சு, நமக்கும் ஆச்சு மாமா." பலே என்றேன்.

மனைவி கேட்டுவிட்டு, "எலிப்பொறிக்குப் பெயின்ட் அடிச்ச கதைதான்" என்றாள். தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அந்த அம்மா மறுபடி வந்தார். எல்லாப் பெட்டியையும் பார்த்தார், தலையாட்டினார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். ஒரு பூட்டைக் கையில் எடுத்து, "வாங்கும்போது ரெண்டு சாவி வந்திருக்குமே. இன்னொண்ணு யார்கிட்ட?" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"முதலாளி மேசையில. இடது டிராயர்." கத்தரியின் குரல். "வெட்டுற இடத்திலேருந்து பாத்தா நல்லாத் தெரியும்."

என் மேலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை.

மார்ச் 15, சனி

டிராயரில் இருந்த சாவிகளையெல்லாம் கொடுத்துவிட்டேன். அவை அங்கே இருந்தவரை எவனும் பெட்டியைத் திறக்கத் துணியவில்லை. இன்று பெட்டியைத் திறந்து ஒவ்வொருவனும் முதலில் பார்த்தது பாஸ்போர்ட்டில் தன் படத்தைத்தான். மீசை முளைக்காத தன் முகத்தைப் பார்த்து ஒருவன் அப்படிச் சிரித்தான்.

மார்ச் 17, திங்கள்

கத்தரி போய்விட்டான். விடியற்காலை பஸ். தையல்காரர்களில் இரண்டு பேர் கூடவே. "நான் சொன்னேனா இல்லையா மாமா" என்று காலையிலிருந்து மச்சான் ஒரே பாட்டு.

வெட்டுமேசையில் நானே நின்றேன். ஒரு காலத்தில் வெட்டிய கைதான். இன்று கோடு கோணலாகப் போனது.

ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல. இவ்வளவு நாள் சோறு போட்டவன்கிட்ட — சொல்லியிருந்தா விட்டிருப்பேனா? மாட்டேன். அதான் சொல்லல. சரி, விடு.

மார்ச் 24, திங்கள்

ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. சரக்கு தாமதம், அதற்குத் தனியாக வசவு. அலுத்துவிட்டது.

ஏப்ரல் 2, புதன்

கத்தரி போன் செய்தான். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"திரும்பி வருவியா?" என்று நான்தான் கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன் முதலாளி. அந்த ரூம்ல எட்டு பேருக்கு ஒரே ஃபேன். அதுவும் ஓடல."

யோசிச்சுச் சொல்றேன். நான் மற்றவர்களிடம் சொல்லும் பதில் அது. எதிர்ப்பக்கம் நின்று கேட்டால் இப்படித்தான் இருக்குமா?

ஏப்ரல் 9, புதன்

எலக்ட்ரீசியனைக் கூட்டிக்கொண்டு ஆட்கள் தங்கும் அறைக்குப் போனேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. இதுவரை தாழ் போட்டுப் பார்த்ததில்லை. தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்பா."

"கொஞ்சம் இருங்க, துணி மாத்திக்கிறோம்."

வெயிலில் நின்றோம். எலக்ட்ரீசியன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "உங்க கட்டடம்தானே சார் இது?"

கட்டடம் என்னுடையதுதான் என்றேன்.