காற்றை இழுக்கும் பம்ப்

சுகிர்தா செய்த கிணற்றுக் கைப்பம்பைப் பார்த்து, “உது காத்தைத்தான் இழுக்கும்” என்று கணவன் றஜீவன் சிரித்து மூன்று நாளாயிற்று. அன்றிலிருந்து அவள் அவனோடு கதைக்கவில்லை. இன்று காலை அந்தப் பம்ப் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டியது. கடலுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. தெல்லிப்பழைக்குக் குழாய் வாங்கப் புறப்பட்டவள், கலண்டர் தாளொன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள்:

“இஞ்சருங்கோ, புட்டும் மீன்குழம்பும் மூடி வச்சிருக்கிறன். பத்து மணிக்குப் பண்டத்தரிப்பு ரீச்சர் பம்ப் பாக்க வருவா. தனக்கும் ஒண்டு செய்து தரட்டாம். அடிக்க முதல் மேலாலை ஒரு செம்பு தண்ணி விடுங்கோ, இல்லாட்டி உங்கடை காத்துத்தான் வரும்.”

தாளை மடிக்கப் போனவள், அடியில் நெருக்கி எழுதினாள்:

“உங்கடை வலக்கால் செருப்பைத் தேடாதேங்கோ. கடையிலை வாங்கின றப்பர் வாசர் ஒண்டும் குழாய்க்குள்ளை இறுக்கமாய் நிக்கேல்லை. செருப்பைத்தான் வட்டமாய் வெட்டிப் பிஸ்டனுக்குப் போட்டிருக்கிறன்.”

ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

“ஆர் செய்தது எண்டு ரீச்சர் கேட்டால் ‘நாங்கள்’ எண்டு சொல்லாதேங்கோ, என்ரை பேரைச் சொல்லுங்கோ. செருப்பு ஆரின்ரை எண்டு கேட்டால் மட்டும் உங்கடை பேரைச் சொல்லலாம்.”