செங்குருகை முதலில் பார்த்தவள்

நவம்பர் 8, சனி

பள்ளிப் பறவை மன்றத்தின் ஸ்பாட்டிங் ஸ்கோப் இன்று என் பொறுப்புக்கு வந்தது. புத்தகப் பைக்குள் அடங்கிவிடும் ஒற்றைக்கண் தொலைநோக்கி. கூடவே ஒரு குட்டி முக்காலி. "இந்து எதையும் படிச்சுட்டுத்தான் தொடுவா, பத்திரமா வெச்சுக்குவா" என்றார் சித்ராதேவி மிஸ்.

பொழுது சாயும் நேரத்தில் குளத்தங்கரையில் எங்கள் வகுப்பு மோனிஷா கையை நீட்டினாள். "சம்பங்கோரைக்குள்ள ஒரு பறவை நிக்குதுங்க மிஸ். அசையாம நிக்குது." வெறும் கண்ணால் பார்த்திருக்கிறாள். நான் ஸ்கோப்பைத் திருப்பி, நன்றாகத் தெரியட்டும் என்று ஜூமை முழுவதும் ஏற்றினேன். மங்கலாக, பழுப்பாக, நீளமாக ஏதோ ஒன்று. ஓடைத் தண்ணீரோடு வந்து கோரையில் சிக்கும், பனியன் கம்பெனிகள் வெட்டிக் கழிக்கும் துணி அப்படித்தான் இருக்கும்.

"கட்டிங் வேஸ்ட்டுங்க மிஸ்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "வேஸ்ட் குருவின்னு புது இனம் எழுதிக்கலாங்க மிஸ்" என்றான் கதிர்வேல்.

மோனிஷா என்னை மட்டும் பார்த்தாள். "கட்டிங் வேஸ்ட் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா புள்ள?"

அவள் அம்மா எங்கள் அப்பாவின் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறார். பள்ளி விட்டதும் மோனிஷா அங்கேதான் துணி மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எல்லோரும் சிரித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 10, திங்கள்

வகுப்பில் கதிர்வேல் அவளை வேஸ்ட் குருவி என்றே கூப்பிடுகிறான். காதில் விழாத மாதிரி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, புதன்

ஸ்கோப் பெட்டிக்குள் இருந்த தாளை இன்றுதான் கடைசிவரை படித்தேன். வெளிச்சம் குறைந்தால் ஜூமையும் குறைக்க வேண்டுமாம். உருவம் பெரிதாகப் பெரிதாகக் காட்சி இருண்டுபோகுமாம். வடை மடித்துத் தரும் காகிதத்தைக்கூட வாசிக்கிறவள் நான். இதை ஏன் விட்டேன்?

அன்றைக்கு நான் ஏற்றினேனே.

நவம்பர் 13, வியாழன்

சாயங்காலம் அப்பாவைக் கெஞ்சி ஸ்கூட்டரில் குளத்துக்குப் போனேன். அப்பா கரைமேல் நின்று, சாயம் போடக் கொடுத்த துணி இன்னும் டையிங்கிலிருந்து வரவில்லை என்று போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முக்காலியை மதகுச் சுவரில் வைத்து, ஜூமை அடியோடு இறக்கி, கை படாமல் பார்த்தேன். முதலில் கோரை மட்டும். கண் பழகியதும் அதே இடத்தில் அது. அலகை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, கோரையோடு கோரையாக. பிறகு கழுத்தை மெல்ல இறக்கி ஓர் அடி எடுத்து வைத்தது.

செங்குருகு. துணிக்குக் கால் கிடையாது.

"என்ன கண்ணு, கெடச்சுதா?"

"கெடச்சுதுங்கப்பா."

ஸ்கோப்பில் போனை ஒட்டிவைத்துப் படம் எடுத்தேன். எங்கள் மன்றத்தில் யாரும் இதுவரை பதிவு செய்யாத பறவை. மிஸ்ஸுக்கு அனுப்பும்போது 'மோனிஷா காட்டியது இதைத்தான்' என்று தட்டினேன். அதை அழித்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பினேன்.

ஏன் அழித்தேன்?

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினக் கூட்டத்தில் மிஸ் என் பெயரைச் சொன்னார். மன்றப் பலகையில் 'செங்குருகு – முதலில் பார்த்தவர்: இந்துமதி'. மோனிஷாவும் கைதட்டினாள்.

பிறகு வந்து, "எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"அந்தாண்டைக் கரைப் பக்கம்."

பொய். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது. "ஓ, சரி" என்று போய்விட்டாள்.

நவம்பர் 15, சனி

மோனிஷா குளத்துக்கு வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

கம்பெனியில் ஓவர்டைம். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். மோனிஷாவின் அம்மா டியூப்லைட்டுக்கு அடியில் பனியன்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பாப்பா, புதுப் பறவை கண்டுபிடிச்சீங்களாமா? மோனிஷா ஊட்டுல சொன்னா. அவளும் ஒண்ணு பாத்தாளாமா, அது துணியாமா. துணிக்கும் பறவைக்கும் வித்தியாசம் தெரியலீன்னா என்னங்க பண்றது? கண்ணு டாக்டர்கிட்டக் காட்டணும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினேன்! அந்தப் புள்ள தன் கண்ணையே நம்பாமப் போயிட்டா. நான்தான் பண்ணுனேன். வேற யாரும் இல்ல.

நவம்பர் 17, திங்கள்

சொல்லிவிட்டேன். எல்லோரும் இருக்கும்போதே. ஜூம், அதே கோரை, அழித்த வரி, அந்தாண்டைக் கரை – எல்லாம். மிஸ் சாக்பீஸை நீட்டினார். என் பெயரை அழித்து அவள் பெயரை எழுதினேன். "அப்ப இனி நீதான் வேஸ்ட்டு" என்றான் கதிர்வேல். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

தண்ணீர்க் குழாயடியில் மோனிஷாவே பேசினாள். "தப்பாப் பாத்தது பரவால்ல புள்ள. அந்தாண்டைக் கரைன்னு சொன்னியே. அன்னைலிருந்து ஒரு கண்ண மூடிப் பாத்து, இன்னொரு கண்ண மூடிப் பாத்துட்டே இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

நவம்பர் 22, சனி

மோனிஷா குளத்துக்கு வந்தாள். மிஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நடந்தாள். இருட்டத் தொடங்கியபோது, "அந்தப் பனைமட்டை இடுக்குல ஆந்தைங்க மிஸ்" என்றாள். எனக்கு மரமே சரியாகத் தெரியவில்லை.

"இந்து, ஸ்கோப்புல பாரு" என்றார் மிஸ்.

"கதிர்வேல் பாக்கட்டுங்க மிஸ்" என்றாள் மோனிஷா.

ஜூமை அடிவரை இறக்கி அவனிடம் விட்டேன். கரைமண்ணில் உட்கார்ந்து, ஆடாமல் இருக்க முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டேன். அவன் வெகுநேரம் தேடினான்.

"ஆமாங்க மிஸ், ஆந்தைதான்."

அவன் சொல்வதற்கு மோனிஷா காத்திருக்கவில்லை. அடுத்த மரத்தைப் பார்க்கப் போய்விட்டிருந்தாள்.