திருப்பிப் பார்க்காத முதுகு

இன்று இஸ்திரிக்காரர் கஞ்சி போட்ட என் வெள்ளைச் சீருடையை மடித்துக் கொடுத்தார். துணியில் இன்னும் சூடு இருந்தது. அந்தக் கஞ்சி வாசனையில், ஆரணி பஸ் நிலையத்தில் எனக்கு இடம் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கையாட்டும் உன் முகம் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நர்சிங் பள்ளியில் நமக்கு இரண்டாம் வருடம். சந்தவாசலிலிருந்து வந்த உன்னையும் ஆரணிக்காரியான என்னையும் ஜோடி சேர்த்து, சேவூரில் ஒரு பெரியவரைக் கவனிக்க அனுப்பினார்கள். பட்டு நெய்தவர். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்க் கட்டிலோடு கிடந்தார். மருமகள் தறிக்கும் கட்டிலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தாள்.

நீ காய்ச்சலில் படுத்த மூன்று நாளும் நான் தனியாகப் போனேன். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தேன். முதுகை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. கனத்த உடம்பு, பஸ்ஸுக்கும் நேரமாகிவிடும். நோட்டில் ‘தோல் நன்றாக உள்ளது’ என்று எழுதிவிட்டு வந்தேன்.

நீ வந்த அன்று விரிப்பை மாற்ற அவரைப் புரட்டினாய். இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து, புண் சிவந்திருந்தது. என் நோட்டை எடுத்துப் படித்தாய்.

“நேத்து திருப்பிப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பொய் சொல்லாதடி. இது ஒரே நாள்ல வர்றதா?”

எனக்கு ஆத்திரம் வந்தது. “போய் மேடம்கிட்ட போட்டுக் குடு, போ.”

“நான் ஏன் சொல்றேன்? நீயே சொல்லு. நான் கூட வந்து நிக்கிறேன்.”

அன்று சாயங்காலமே, நீ பக்கத்தில் நிற்க, எங்கள் பள்ளி மேடத்திடம் சொன்னேன். மேடம் திட்டவில்லை. புண் ஆறும்வரை விடுமுறையிலும் நான் போக வேண்டும் என்றார். உனக்கு அந்தத் தண்டனை இல்லை. ஆனாலும் தினமும் வந்தாய்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும் என்று மருமகளிடம் சொன்னபோது அவள் கையைப் பிசைந்தாள். “தறியில குந்திகினா நேரமே தெரியாதும்மா.”

நீ கொஞ்சம் யோசித்தாய். “டவுன் பஸ் மணிக்கொண்ணு போவுதில்ல? ஒரு பஸ்ஸ விட்டுட்டு அடுத்த பஸ் சத்தம் கேட்டா எழுந்து வந்து திருப்புங்கக்கா.” அவள் முகம் தெளிந்ததை இப்போதும் பார்க்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் அவரிடம் குனிந்து, “தாத்தா, இடது பக்கம் திருப்பப் போறோம்” என்பாய். அவருக்கு எங்கே புரியப் போகிறது என்று நான் நினைத்தேன். ஒருநாள் நீ சொல்லி முடித்ததும், நல்லாயிருந்த கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து அவரே உடம்பை இழுத்துக் கொடுத்தார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த மாதக் கடைசியில் புண் மூடிவிட்டது.

கல்யாணமாகி வெளியூர் போனாய். சில வருடங்களில் சிறுநீரகம் கெட்டு நீ போய்விட்ட செய்தி வந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். உன் முகத்தைப் பார்க்கக்கூட வந்து சேர முடியவில்லை. அன்று கூட வந்து நின்றதற்கு உன்னிடம் ஒரு வார்த்தை நன்றி சொன்னதும் இல்லை.

போன வருடம் ஒரு பெரியவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன், பெரியவரின் மகளிடமும் நானே போய்ச் சொன்னேன். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மகள் கத்தித் தீர்த்தாள். முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். பயம் எனக்கு இன்னும் போகவில்லை. பயந்துகொண்டேதான் போய்ச் சொல்கிறேன். ஆனால் சொல்லிவிடுகிறேன்.