இரண்டு சம்பள வீடு

ரூவி, மஸ்கட்
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

தங்கை ஷிரினுக்கு, அஸ்மத் லாத்தா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் இருக்கிறோம். துபாய் தேராவில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். இந்தக் காகிதத்தை உஸைரிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் நாளைக்கு துபாய் பஸ் ஏறுகிறான்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் கேட்டேன். "கமிட்டி முடிவு லாத்தா, நான் ஒருத்தி என்ன செய்ய?" என்றுதான் ஒவ்வொன்றிலும் சொல்கிறாய். வாயால் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். வாடகை முடிவை அறிவிக்க நம் கட்டிடத்துக் கூட்டத்துக்கு கௌஸ் முகம்மது காக்கா வந்திருந்தார். மன்றத்துச் செயலாளர் ஆனதிலிருந்து இருபது பேர் இருந்தாலும் அவருக்கு மைக் வேண்டும். வழக்கம்போல் பழைய கதையிலிருந்து தொடங்கினார். அரபியிடமிருந்து இந்தக் கட்டிடத்தை ஊர் நல மன்றம் மொத்தமாக வாடகைக்கு எடுத்தது லாபத்துக்கு அல்ல. நம் ஜனங்கள் குடும்பத்தோடு இருக்கத்தான். செலவு கூடினால் மட்டுமே வாடகை கூடும் என்றார். தலையாட்டினோம். லிஃப்ட் மாற்ற வேண்டும், தண்ணீர் மோட்டார் பழசாகிவிட்டது, மன்றத்தின் கையில் எதுவும் இல்லை என்றார். அதற்கும் தலையாட்டினோம். பொய்யில்லையே, போன ரமலானில் அந்த லிஃப்டுக்குள் நானே மாட்டிக்கொண்டு கத்தியிருக்கிறேன். பிறகுதான், ஜனவரியிலிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து ரியால் கூடும் என்றார். மூன்றோ நான்கோ கூட்டினாலே நாம் முணுமுணுப்போம், உனக்குத் தெரியும்.

மூன்றாம் மாடி ஹசன் அலி எழுந்து, "காக்கா, கார்கோ ஆபீஸ்ல மூட்டைக்கு சீட்டு ஒட்டுற ஆளு நான். பிள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவேன்?" என்று கேட்டான்.

கௌஸ் காக்கா கோபப்படவில்லை. அமைதியாகச் சொன்னார். "யோசிக்காம செய்யல தம்பி. இந்தக் கட்டிடத்துல முன்னாடி இருந்த ஆளு கமிட்டில இருக்கணும்னுதான், துபாய் போன பிறகும் ஷிரின போன்லயே சேத்துக்கிட்டோம். ஜனங்க தாங்குவாங்களான்னு அதுகிட்டதான் கேட்டோம். தாங்குவாங்கன்னுச்சு. அஸ்மத் லாத்தா வீட்டுலயே இப்ப ரெண்டு சம்பளம் வருதுன்னுச்சு."

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஷிரின், அஃபீஃபாவுக்கு கிளினிக்கில் வேலை கிடைத்ததும் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். ஊரில் இருக்கும் என் மாமிக்குக்கூட அப்புறம்தான் சொன்னேன். படிக்கிற மகளை ஏன் வேலைக்கு அனுப்புகிறேன் என்பதையும் அதே போனில் சொன்னேன். கடையில் வியாபாரம் விழுந்துவிட்டது, முதலாளி உன் மச்சானுக்குப் பாதிச் சம்பளம்தான் தருகிறார், வெளியே தெரிந்தால் அவர் உடைந்துபோவார், யாரிடமும் சொல்லிவிடாதே என்று அழுதேன்.

நீயும் சொல்லவில்லை. கேட்டால், "நீங்கதானே லாத்தா சொல்லாதேன்னீங்க" என்கிறாய். என் ரகசியத்தைப் பத்திரமாகக் காப்பாற்றிவிட்டு, என் சந்தோஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்க் கமிட்டியில் வைத்தாய். பாதியை மறைக்கத் தெரிந்தவளுக்கு மீதியையும் மறைக்கத் தெரியாமலா போயிற்று?

நான் எழுந்து நின்றேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில், எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு சம்பளம் இல்லை, ஒரு சம்பளத்தின் இரண்டு துண்டு என்று சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. சும்மா இருந்திருந்தால் அத்தனை வீட்டு வாடகைக்கும் நானே சாட்சி சொன்னதாக ஆகியிருக்கும். உன் மச்சான் தலையைக் குனிந்தவர், கூட்டம் முடியும்வரை நிமிரவே இல்லை.

கௌஸ் காக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. "இத ஷிரின் சொல்லலியே" என்றார். வெளியே வந்து உன் மச்சானின் தோளில் கைவைத்து, "ஆரிப், உங்க வீட்டுக்கு மட்டும் குறைச்சிடலாம், யாருக்கும் தெரிய வேணாம்" என்றார். "எல்லாருக்கும் என்னவோ அதுவே எங்களுக்கும், காக்கா" என்று இவர் நகர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

வாடகை கூடியது கூடியதுதான். அஃபீஃபா சாயங்கால வகுப்பை நிறுத்திவிட்டாள். லீவு நாளிலும் டூட்டி கேட்டு வாங்கியிருக்கிறாள். ஹசன் அலி குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, ஆறு பேர் தங்கும் ரூமில் ஒரு கட்டிலுக்குப் போய்விட்டான். அவன் பெண்டாட்டி கிளம்பும்போது ஒவ்வொரு வீடாக ஏறி சலாம் சொன்னாள். எங்கள் கதவைத் தாண்டிப் போய்விட்டாள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். ஊர்க் கதையெல்லாம் உன் காதில் போட்டவள் நான்தான் என்று கட்டிடத்தில் பேச்சு. அதில் தப்பும் இல்லையே.

நீ இங்கே குடியிருந்தபோது, மாப்பிள்ளை விசா சிக்கலில் முடங்கிக் கிடந்த வருஷம், உன் வீட்டுக்கு மட்டும் வாடகை கூட்டாதீர்கள் என்று கௌஸ் காக்கா வீட்டில் போய் நின்றது யார்? சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. இல்லை, சொல்லித்தான் காட்டுகிறேன்.

லிஃப்ட் மாற்றத்தான் வேண்டும், எனக்கும் புத்தி இருக்கிறது. மூன்று வருஷமாகப் பிரித்து வாங்கலாம், இல்லாதவர்களுக்குத் தவணை கொடுக்கலாம். இதையெல்லாம் பேசத்தானே உன்னை அங்கே உட்காரவைத்தோம்? ஷாபான் மாதத்தில் மறுபடி கமிட்டி கூடுகிறதாம். எனக்காகப் பேச வேண்டாம். ஊருக்குப் போன ஹசன் அலியின் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம் இங்கேதான் இருக்கிறது, அவர்கள் திரும்பி வர வேண்டும். அவர்களுக்காகவாவது வாயைத் திற.

நீ வாங்கும் புது வீட்டில் அல்லாஹ் பரக்கத்தை இறக்கட்டும். உன் பிள்ளைகள் யாரிடமும் தங்கள் கஷ்டத்தை எழுந்து நின்று நிரூபிக்கும் நிலை வராமல் இருக்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று. இனிமேல் போன் செய்து, "வேற என்ன விசேஷம் லாத்தா?" என்று கேட்காதே. கேட்டால் நான் சொல்லிவிடுவேன். எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

துஆவுடன்,
அஸ்மத் பீவி