மூன்றாவது மிதி

மார்ச்சு 5, புதன்

குடியிருப்போர் கூட்டம் நன்கு நிறைவுற்றது. படிக்கட்டு வரை மக்கள். வாடகை உயர்வைத் திரும்பப் பெறுகிறோம் என்று வீட்டு உரிமையாளர் தரப்பிலிருந்து வந்தவரே மேடையேறிச் சொன்னார். சொல்லும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த தம்பி தலையில் அடித்துக்கொண்டான். என் கூட்டங்களுக்கெல்லாம் ஒலி அமைப்பவன் அவன்தான்.

"என்னத்துக்கு ஒத்துக்கிட்டோம்னு அந்த ஆளுக்கு நாளைக்குக் காலைலதான்கா தெரியும்," என்றான் திரும்பும் வழியில்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுகளாக மேடையில் நிற்கிறேன். அண்மைக்காலமாக எவரும் என்னை மறுத்துப் பேசுவதில்லை. என் கருத்துக்குத்தான் தலையசைக்கிறார்களா, அல்லது என் குரலுக்கா? இரண்டாவது என்றால், நான் தவறு செய்யும் நாளில் என்னைத் தடுப்பவர் யார்?

இதைத் தம்பியிடம் சொன்னேன். "உன் பேச்சைக் கேக்காத ஒண்ணு உனக்கு வேணும். ஞாயித்துக்கிழமை வா, காட்டறேன்," என்றான்.

மார்ச்சு 9, ஞாயிறு

அவன் காட்டியது ஒரு பந்தய மகிழுந்து. இரண்டே இருக்கைகள், தாழ்ந்த கூரை, மங்கிய சிவப்பு. பழையதை வாங்கிச் செப்பனிட்டு ஓராண்டாக வீட்டுக்குத் தெரியாமல் வைத்திருந்தானாம்; மனைவிக்கே போன வாரம்தான் தெரியுமாம். கள்ளன்!

மூடப்பட்ட கிடங்கொன்றின் பின்புறத் திடலில் செம்மஞ்சள் கூம்புகளை வைத்து வளைவும் நெளிவுமாக ஒரு வழி அமைத்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக அதில் விரைந்து சென்று மீள வேண்டும். கூம்பைத் தட்டினால் அதற்குத் தண்டமாக நேரம் கூட்டப்படும். ஓட்டுவதற்கு முன் அனைவரும் அவ்வழியை நடந்து பார்க்கிறார்கள். தலை கவிழ்ந்து, முணுமுணுத்தபடி, எதையோ தொலைத்தவர்களைப் போல.

பயிற்சி தருபவள் மருத்துவ ஊர்தி ஓட்டும் பெண். என் அருகில் அமர்ந்து வார்ப்பட்டையை இறுக்கிக்கொண்டே, "கோனைப் பாக்காதீங்கம்மா. எதைப் பாக்கறீங்களோ அதுலதான் போய் இடிப்பீங்க. போக வேண்டிய இடத்தைப் பாருங்க," என்றாள்.

ஒன்பது கூம்புகளைச் சாய்த்தேன். முடுக்கியை எந்த இடத்தில் விடுவது என்று நான் கேட்டதற்கு, தம்பி சன்னலில் தலையை நுழைத்து, "முடுக்கின்னு நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள வளைவே முடிஞ்சிடும்க்கா," என்றான். திடல் முழுவதும் சிரித்தது.

விழுந்த கூம்பிடம் விளக்கம் சொல்ல இயலாது. வண்டியிடம் வாதிட இயலாது. எவ்வளவு பெரிய விடுதலை!

மாலையில் தம்பியின் மனைவி தேநீர்க் கோப்பையை என் முன் வைத்தாள். "நீங்களும் சேந்துட்டீங்களா அண்ணி? இனிமே அவரை யாரு நிறுத்தறது?" விளையாட்டாகத்தான் கேட்டாள். கோப்பையை வைத்த ஓசைதான் விளையாட்டாக இல்லை.

மார்ச்சு 16, ஞாயிறு

நான்கு கூம்புகள். உறக்கத்திலும் கை வளைந்துகொண்டிருந்தது.

ஏப்பிரல் 6, ஞாயிறு

இன்று முதன்முறையாக உண்மையான ஓடுதளம். கூம்புகள் இல்லை, சாம்பல் நிறத்தில் நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் கூர்மையான வலப்புற வளைவு, வளைவுக்கு அப்பால் பழைய உருளிகளை — தம்பி சொன்னால் டயர்களை — கட்டி அடுக்கிய கருஞ்சுவர். கூம்பு சாயும். இது சாயாது.

உள்ளே நுழையும் வாயிலில் ஒரு சோதகர். சக்கரத் திருகுகள், இருக்கை வார், தடுப்பு மிதி — மூன்றையும் அவர் தொட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் வண்டி ஓடலாம். அவர் சொல்லே முடிவு. ஓட்டுநர் மன்றத் தலைவரே வந்தாலும் மாற்ற முடியாது. அனைவரும் அவரை 'முடியாது' என்றே அழைக்கிறார்கள். ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கியது. எனக்கு முன்னால் நின்ற இளைஞனின் உருளி தேய்ந்திருந்தது.

"முடியாது."

"ரெண்டே ரெண்டு ரவுண்டு மாமா."

"முடியாது."

"உங்க பொண்ணைக் கட்டினவன் மாமா நான்!"

"அதனாலதான் முடியாது."

அந்தச் சொல்லை எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்! உயர்த்தாத குரல், கூட்டாத அடைமொழி. அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டாயிற்று. என் வண்டிக்குள் குனிந்து தடுப்பு மிதியைக் கையால் அழுத்தினார். "பிரேக்கு கல்லு மாதிரி இருக்கணும். மெத்துனு உள்ள போச்சுன்னா இறங்கி வீட்டுக்குப் போயிடணும். பாடம் அவ்ளோதான்மா."

இத்தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் செல்பவர் சன்னல் வழியே கை நீட்டி இசைவு தந்தால்தான் பின்னால் வருபவர் முந்தலாம். நான் தரவில்லை. தர மறந்தேன் என்று எழுதத் தொடங்கினேன், அது பொய். தர மனம் வரவில்லை. ஐந்து வண்டிகள் எனக்குப் பின்னால் வால் பிடித்து வந்தன. இறங்கியதும் 'முடியாது', "மேடைய விட்டு இறங்கவே மாட்டீங்களோ?" என்றார். வயிறு குலுங்கச் சிரித்தேன். நெடுநாள் கழித்து ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார்.

ஏப்பிரல் 13, ஞாயிறு

வேகம் கூடிவிட்டது. நேர்பாதையின் முடிவில் தடுப்பை மிதிக்கும்போது நெஞ்சு வாரில் அழுந்துகிறது. வண்டியின் எடை முழுவதும் முன்சக்கரங்களில் சாய்வதை உள்ளங்கை அறிகிறது.

இறங்கியபோது தீய்ந்த நாற்றம். தம்பி முகம் சுளித்தான். "பிரேக் வெந்துபோச்சு. ஒரே வண்டிய ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஓட்டறோம், அதுக்கு மூச்சு விட நேரமே இல்ல. கடைசிச் சுத்தை பிரேக்கத் தொடாம மெதுவா வான்னு சொன்னேன்ல?"

சொன்னான். கேட்டேன். ஆனால் உச்சத்தில் முடித்துவிட்டு இறங்குவதே என் பழக்கம்.

"பேச்சை உச்சத்துல நிறுத்தலாம்கா. வண்டிய நிறுத்தக் கூடாது. உள்ள இருக்கற எண்ணெய் கொதிச்சுடும். கொதிச்சா மிதி காத்தாப் போயிடும்."

அவன் முறை வந்தபோது வண்டி ஆறவில்லை. மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். ஆறுவதற்குள் தளத்தை மூடிவிட்டார்கள். அவன் என் தலைக்கவசத்தையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஏப்பிரல் 24, வியாழன்

கூட்டம், கூட்டம், கூட்டம். தம்பி ஒலிப்பெட்டியின் பின்னால் அமர்ந்து, இல்லாத திசைமாற்றியை விரல்களால் திருப்பிக்கொண்டிருப்பதை மேடையிலிருந்து கண்டேன். அவன் வண்டி. அவன் கனவு. ஓட்டுபவள் நான்.

"இந்த ஞாயிறு உனக்குத்தான்," என்றேன்.

"நீ முதல்ல போய்ட்டு வந்துடு. நீ சும்மா நின்னு பாத்துட்டே இருந்தா பேச ஆரம்பிச்சுடுவ," என்றான்.

எப்படியாயினும் அவன் ஓட்ட வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்வேன்.

ஏப்பிரல் 27, ஞாயிறு

முடியல. எழுத வரல. உயிரோட இருக்கான். அவ்வளவுதான்.

ஏப்பிரல் 29, செவ்வாய்

எழுதியாக வேண்டும். நடந்ததை நடந்தவாறே. அணி வேண்டாம், அடுக்கு வேண்டாம்.

நான் முதலில் ஓட்டினேன். நன்றாக ஓட்டினேன். கடைசிச் சுற்றில் பின்னால் வந்தவன் நெருக்கினான், மெதுவாகச் செல்லவில்லை. மீண்டும் உச்சத்தில் இறங்கினேன். அதே நாற்றம்.

மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. தளத்தை விரைவில் மூடப்போவதாக அறிவித்தார்கள். தம்பி வாரை இறுக்கிக்கொண்டு அமர்ந்திருந்தான். 'முடியாது' வந்து குனிந்து மிதியை அழுத்தினார். நிமிர்ந்தார்.

"முடியாது. மெத்துனு போகுது. ஆறட்டும்."

தம்பி வாரைக் கழற்றத் தொடங்கினான். ஒரு சொல் எதிர்த்துச் சொல்லவில்லை. நான் வாயை மூடியிருந்தால் அவன் இறங்கியிருப்பான்.

நான் பேசினேன். என்ன பேசினேன் என்பது முழுதும் நினைவிருக்கிறது, அதுதான் கொடுமை. ஓராண்டு உழைத்துச் செப்பனிட்டவன் என்றேன். மூன்று ஞாயிறாக எனக்காக ஒதுங்கி நின்றவன் என்றேன். ஒரே ஒரு முறை அழுத்தித் தீர்ப்பு எழுதலாமா, மறுபடி அழுத்திப் பாருங்கள் என்றேன். சுற்றியிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். அவர் அழுத்தினார். சற்றுக் குறைவாக இறங்கியது. "இன்னும் ஒரு முறை ஐயா. ஓர் உழைப்பாளியின் உழைப்பை மதித்து, இன்னும் ஒரே முறை."

மூன்றாவது மிதியில் அது கல்லாக நின்றது.

"பாருங்கள்!" என்றேன். கை தட்டினார்கள். கை தட்டினார்கள்!

கொதித்த எண்ணெயில் குமிழிகள் இருக்குமாம். அடுத்தடுத்து அழுத்தினால் அவை ஒடுங்கி, மிதி சிறிது நேரம் கடினமாகத் தோன்றுமாம். இது அவருக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளாக அதே வாயிலில் நிற்பவர். தெரிந்தும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, "சரி... போங்க," என்றார். அவர் வாயில் அந்தச் சொல் எவ்வளவு பழக்கமில்லாமல் இருந்தது!

முதல் சுற்று சரியாக வந்தான். இரண்டாவது சுற்றில் நேர்பாதை முடிவு. வண்டியின் மூக்கு தாழவில்லை. தாழணும்ல? பிரேக் பிடிச்சா மூக்கு கீழ போகணும்ல? போகல. நேரா போறான். நேரா — திருப்புடா, திருப்புடா-ன்னு கத்தறேன். ஒலிபெருக்கியே தேவைப்படாத என் தொண்டை. அவனுக்குக் கேட்கவில்லை.

கருஞ்சுவர் சாய்ந்தது. சாயாது என்று எழுதியிருந்தேன்.

மே 4, ஞாயிறு

இடுப்பெலும்பும் இடத்தொடையும். இரண்டு அறுவைகள் முடிந்தன, மூன்றாவது பாக்கி. நடப்பான் என்கிறார் மருத்துவர். எப்படி நடப்பான் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தம்பியின் மனைவி தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தாள். நான் வாய் திறந்ததும் கையை உயர்த்தினாள்.

"வேணாம் அண்ணி. நீங்க பேசினா நான் மன்னிச்சுடுவேன். பேசாதீங்க."

அவன் விழித்திருந்தான். என்னைக் கண்டதும் சிரிக்க முயன்றான். "கிளம்பறப்ப மிதிச்சுப் பாத்தேன்கா நானும். மெத்துனுதான் இருந்துச்சு."

"பிறகு ஏன்டா போன?"

"நீ பேசிட்டே இருந்த. அவரும் தலையாட்டிட்டாரு. என் கால்தான் தப்புன்னு நெனச்சேன்."

மே 14, புதன்

ஓட்டுநர் மன்றம் ஞாயிறன்று கூடுகிறதாம். பிழை யாருடையது என்று முடிவு செய்யப் போகிறார்கள். என்னையும் அழைத்திருக்கிறார்கள்.

உண்மையை மட்டும் சொல்வேன். மூன்று தொடர்கள் போதும்: அவர் மறுத்தார். நான் வற்புறுத்தினேன். பிழை என்னுடையது. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். பிறகு, அவ்வாறு சொல்லிப் பார்த்ததற்காகவே வெட்கப்பட்டேன்.

மே 18, ஞாயிறு

எழுந்து நின்றேன். மூன்று தொடர்களையும் சொன்னேன். அத்துடன் அமர்ந்திருக்க வேண்டும்.

அறை அமைதியாயிற்று. அந்த அமைதியை நான் அறிவேன். இருபது ஆண்டுகளாக அதனுள்தான் வாழ்கிறேன். நான்காவது தொடர் தானே வந்தது. ஐந்தாவது அதன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. தம்பியைப் பற்றிப் பேசினேன். அந்தச் சுவரைப் பற்றி, கேட்காமற்போன என் குரலைப் பற்றிப் பேசினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். பிழை என்னுடையது என்று மீண்டும் மீண்டும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் தலைகள் இல்லை, இல்லை என்று அசைந்தன.

பிறகு 'முடியாது' எழுந்தார். "நான் விட்டிருக்கக் கூடாது. விட்டுட்டேன்," என்றார். அமர்ந்துவிட்டார். அவ்வளவே அவர் உரை.

அவரை வாயிற் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். என்மீது குறையேதும் இல்லையாம். தலைவர் என் கையைப் பற்றி, "ஆண்டு விழாவுல நீங்கதான் பேசணும்," என்றார்.

படிக்கட்டில் 'முடியாது'வை எட்டிப் பிடித்தேன். ஐயா என்றேன்.

"நல்லாப் பேசினீங்கம்மா," என்றார். குத்தல் இல்லை, அதுதான் குத்தியது. "வீட்டுக்குப் போறவரைக்கும் உங்க மேல தப்பே இல்லன்னு எனக்கே தோணும் போலிருக்கு."

சூன் 8, ஞாயிறு

இருபத்தொரு நாள்களாக மேடையேறவில்லை. தொண்டை வலி என்று சொன்னேன். நம்பினார்கள்.

சூன் 29, ஞாயிறு

வண்டியைச் செப்பனிட்டு விட்டார்கள். படுக்கையிலிருந்தே தொலைபேசியில் ஆளை விரட்டி வேலை வாங்கினான் தம்பி. எடுத்துக்கொண்டு போ, ஓட்டு, நான் வந்து பார்க்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். "நீ வேணாம்னு சொல்லி நான் கேட்டதே இல்லக்கா. நீ வேணும்னு சொல்லித்தான் கேட்டிருக்கேன்," என்று சிரித்தான். அவன் மனைவி எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியை மட்டும் மடக்கி ஏற்றிக் கொடுத்தாள்.

ஓட்டுவதற்காக நான் போகவில்லை. வாயிலில் எவரேனும் என்னைத் திருப்பி அனுப்புவார்களா என்று பார்க்கப் போனேன். அனுப்பினால் இந்த ஓட்டத்தையே விட்டுவிடுவது என்று உறுதி பூண்டிருந்தேன்.

வாயிலில் புதிய சோதகர் நின்றார். மன்றத்தின் முன்வரிசையில் கண்ணைத் துடைத்தவர். எனக்கு முன்னிருந்த வண்டியைக் குனிந்து பார்த்தார், திருகுகளைத் தட்டினார், மிதியை அழுத்தினார். என்னிடம் வந்ததும் நிமிர்ந்து நின்று கும்பிட்டார்.

"நீங்களா! போங்கம்மா, போங்க."

"மிதியை அழுத்திப் பாருங்கள்," என்றேன்.

"நல்லா இருக்கா?"

"நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்."

"நீங்க சொன்னாப் போதும்மா. அன்னைக்கு உங்க பேச்சைக் கேட்டவன் நான்."

பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பின. கம்பி வேலிக்கு அப்பால் நாற்காலியில் அமர்ந்தபடி தம்பி கையசைத்தான். மருத்துவ ஊர்தியின் கதவருகில் நின்ற பயிற்சிப் பெண் என்னைப் பார்த்தாள், பிறகு தன் வண்டியின் பின்கதவுகளைத் திறந்துவைத்தாள்.

சோதகர் ஒதுங்கி வழிவிட்டார். போனேன்.